சின்ன ஊரில் கார் இல்லாமல்

ஆசிரியருக்கு,

கார் இல்லாமல் பெரிய நகரத்தில்தான் வாழ முடியும், சின்ன ஊரில் முடியவே முடியாது என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். பாதிதான் சரி. சின்ன ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பெரும்பாலும் 4, 5 கிலோமீட்டர்தான் இருக்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக மிதித்தாலே சைக்கிளில் 20 நிமிடத்தில் போய்விடலாம், வண்டி நிறுத்த இடம் தேடி அலையவும் வேண்டாம்.

சிக்கல் ஊரைவிட்டு வெளியே போகும்போதுதான். மணிக்கு ஒரு பேருந்து, அதுவும் இருட்டியதும் நின்றுவிடும் என்றால், கடைசி வண்டியைத் தவறவிட்ட ஒரே ஒரு ராத்திரி போதும், மறுநாளே மனசு கார் வாங்கக் கிளம்பிவிடும் (என் மனசும் கிளம்பியதுதான், பொய் சொல்வானேன்). அப்புறம், நிலம் மலிவு என்று மருத்துவமனையையும் அலுவலகங்களையும் புறவழிச்சாலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். நடைபாதையே இல்லாத அந்தச் சாலையில் வயதானவர்கள் எப்படிப் போவார்கள்?

ஸ்பெயினின் பொந்தேவேத்ராவில் சுமார் 80,000 பேர்தான் வாழ்கிறார்கள். 1999-இலிருந்து நகர மையத்தில் கார்களைக் குறைத்து, தெருக்களை நடப்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே மெட்ரோ ரயில் கிடையாது. ஆனால் எந்த இடத்துக்கு நடந்துபோக எத்தனை நிமிடம் ஆகும் என்று மெட்ரோ வரைபடம் மாதிரியே ஒரு படம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்