உறுமிக்குப் பூங்காவில் ஓர் ஓரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூர் தித்திவங்சா ஏரிப் பூங்காவில் ஞாயிறு மாலையில் மேளச் சத்தம் தாங்கவில்லை, உறுமி மேளத்தைக் கோயிலோடு வைத்துக்கொள்ளட்டும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அங்கே மேளம் அடிக்கும் வட்டத்தில் உட்கார்ந்து ஜால்ரா தட்டுகிறவள் நான். அவர் சொன்னதில் பாதி நியாயம். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

பூங்கா எல்லாருக்கும் பொது. நடக்க வருகிறவருக்கும் அமைதி வேண்டும். அதனால்தான் நாங்கள் மைக்கோ ஒலிபெருக்கியோ கொண்டுவருவதில்லை. ஐந்து மணிக்குத் தொடங்கி, மஹ்ரிப் (அந்தித் தொழுகை) பாங்கு ஒலிப்பதற்கு வெகு முன்பே மூட்டை கட்டிவிடுகிறோம். உறுமி ஒன்றும் சாதுவான வாத்தியம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒலிபெருக்கிப் பெட்டி வைத்துக் கரோக்கே பாடுகிறவர்களைப் பற்றி யாரும் பத்திரிகைக்கு எழுதுவதில்லையே! உறுமி என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் நம்மவர்களிடம்தான் அதிகம்.

வாசகர் ஒருநாள் கிட்டே வந்து பார்த்திருக்கலாம். அங்கே கச்சேரி நடப்பதில்லை. மேடை இல்லை, பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை. செந்தூல் பையன்கள் உறுமியும் தவிலும் கொண்டுவருவார்கள். வங்சா மாஜுவிலிருந்து ஒரு பாக்சிக், அதாவது மலாய்ப் பெரியவர், தன் பேரன்களோடு கொம்பாங் என்ற மலாய்க் கைப்பறை எடுத்து வருவார். கொம்பாங்கில் ஒருவர் தட்டுவதைத் தனியாகக் கேட்டால் அரைகுறையாக இருக்கும். ஒருவர் விடும் இடத்தை மற்றவர் நிரப்பினால்தான் தாளம் முழுதாகும். இது பிடிபட நம் பையன்களுக்குச் சில வாரங்கள் ஆயின. கோயிலில் வேகம் ஏற ஏறத்தான் அருள் வரும் என்று பழகியவர்கள். இங்கே வேகம் எடுத்தால் கொம்பாங் சிக்கிக்கொள்ளும். அப்போது பாக்சிக் ஒன்றும் பேச மாட்டார், என் ஜால்ராவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார். நான் காலத்தை இழுத்துப் பிடிப்பேன். தாய்ச்சி முடித்துவிட்டு வரும் சீனப் பாட்டிகள் கைதட்டுவார்கள், அவர்கள் தட்டு பிசகாது.

மழை பெய்து ஓய்ந்த மாலையில் தோல் தொய்ந்துவிடும். பாக்சிக் கொம்பாங்கின் தோலுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே மெல்லிய பிரம்பை நெட்டித் தள்ளி இறுக்குவார். பக்கத்தில் நம் பையன் உறுமியின் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்துப் பார்ப்பான். அந்த முனகல் சரியாக வந்ததும் பாக்சிக்கின் கடைசிப் பேரன் ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரிப்பான். இருவரும் ஒருவர் வேலையை மற்றவர் கவனிப்பதைப் பார்த்தால் இது சத்தமா சங்கீதமா என்ற சண்டையே எனக்கு அலுத்துப்போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீனர்களின் 24 பருவ முரசு என்ற கூட்டு முரசுக் கலை 1988-இல் ஜொகூர் பாருவில் உருவானது. பழங்காலத்துச் சடங்கு அல்ல, நம் கண்முன்னே பிறந்த கலை. அதைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள்; இன்று நாடெங்கும் பள்ளிகளில் குழுக்கள் இருக்கின்றன. உறுமியை நாம் எத்தனை தமிழ்ப்பள்ளிகளில் உள்ளே விட்டோம்? தைப்பூசத்துக்குப் பத்துமலையில் உறுமிக்கு ஆடிவிட்டு மறுநாளே அந்தப் பையன்களைக் 'கூட்டாளி கோஷ்டி' என்கிறோம். அவர்களை நாலு பேர் பார்க்க, பிற இனத்தாரோடு சேர்ந்து உட்கார வைக்கும் இடம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதையும் கோயிலுக்குள் தள்ளச் சொன்னால் எப்படி?

மாநகராட்சி மன்றம் பூங்காக்களில் குடியிருப்புகளை விட்டு விலகிய ஓர் ஓரத்தை ஒதுக்கட்டும். வாரம் ஒரு மாலை, குறித்த நேரம், ஒலிபெருக்கி கூடாது என்று எழுதி வைக்கட்டும். பொறுப்பை அந்தந்த வட்டார ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பிடம் கொடுத்தால் புகார் சொல்லவும் ஓர் ஆள் இருப்பார். மழைக்கு ஒதுங்க ஒரு கூரை கிடைத்தால் தோல் வாத்தியங்களுக்குப் பெரிய உதவி.

சென்ற வாரம் எழுதிய அன்பருக்கு: நாங்கள் உட்காரும் இடம் உங்கள் நடைபாதைக்கு மிக அருகில் என்றால் சொல்லுங்கள், தள்ளி உட்காருகிறோம்.

இப்படிக்கு,
செந்தூல் வாசகி, கோலாலம்பூர்