கணவருக்கும் சோதனை உண்டு

ஆசிரியருக்கு,

குழந்தையின்மை பற்றிய உங்கள் கட்டுரையில் ஆண்களுக்கு ஒரே ஒரு வரிதானா? கிட்டத்தட்ட பாதித் தம்பதிகளில் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது, ஆனாலும் மனைவிக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகுதான் பல கணவர்கள் விந்துப் பரிசோதனைக்கே வருகிறார்கள். இத்தனைக்கும் அதுதான் எளிது: 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்து மாதிரி கொடுத்தால் போதும். ஒருமுறை விந்தணு எண்ணிக்கை குறைந்தால் பதற வேண்டாம். கடும் காய்ச்சல் வந்தால்கூடக் குறையும், புது விந்தணு உருவாக இரண்டரை மாதம்போல ஆகும் என்பதால் அப்புறம் இன்னொரு முறை பார்ப்பார்கள். வெரிக்கோசில், அதாவது விரைப்பையில் ரத்தக்குழாய் வீக்கம், இருந்தால் சிலருக்கு அறுவை சிகிச்சை உதவும், விந்தில் அணுவே இல்லாத சிலருக்கும் விரையிலிருந்து விந்தணுவை எடுத்து இக்ஸி, அதாவது அதை நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்தும் சிகிச்சை, செய்ய முடிகிறது. சரி, ஜிம்முக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் எழுதுங்கள், அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும்.

— ஒரு வாசகர்