கும்மிக்கு மாசம் என்ன வருமானம் என்று கேட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மோட்டார் வாகன விபத்து வழக்குகளைக் கவனிக்கும் காப்பீட்டு நிறுவன அதிகாரிகளுக்கும், அவர்களுக்காக வாதாடும் வக்கீல் ஐயாமார்களுக்கும் வணக்கம்.

என் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரையும் வழக்கு எண்ணையும் எழுதவில்லை. என் வழக்குக் கட்டைப் பார்த்தவருக்கு நாலு வரி படித்ததும் ஆள் தெரிந்துவிடும். பார்க்காதவர்களின் மேசையிலும் இதே மாதிரி ஒரு கட்டு கிடக்கும் என்பதால்தான் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

போன தடவை நடந்த மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) சமரசத்துக்கென்று ஒரு தாளை என் முன்னால் வைத்தீர்கள். மருத்துவச் செலவுக்கு ஒரு தொகை, வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளம், வலிக்கும் வேதனைக்கும் கொஞ்சம், ஊனத்துக்குச் சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்ற கணக்கில் ஒரு தொகை. கடைசியில் 'வாழ்க்கை வசதி இழப்பு' என்று ஒரு வரி, அதாவது முன்பு உடம்பால் செய்து அனுபவித்ததை இனிச் செய்ய முடியாமல் போனதற்கு. அதற்கு நேரே சைபர். "இது ஏனுங்க இப்படி?" என்று கேட்டேன். "பழையபடி கம்பெனிக்குப் போறீங்க, சம்பளமும் குறையலையேம்மா" என்றார் அதிகாரி. கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன். மக்கள் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அதன்மேல் அப்பீல் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் அது தெரிந்திருந்ததுதான் அன்றைக்கு உங்களுக்குச் சங்கடமாகப் போயிற்று.

நான் கேட்பது ஒன்றுதான். சம்பளம் குறையவில்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அந்த வரியில் சைபர் போடாதீர்கள். எதை இழந்தேன் என்று கேட்டு, அதற்கு ஒரு தொகையும் காரணமும் எழுதுங்கள்.

விபத்து நடந்த விதத்தில் நமக்குள் சண்டை இல்லை. காங்கேயம் ரோடு, காலை நேரம், ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு எதிர்த்திசையில் வந்த வேன். முதல் தகவல் அறிக்கையில் எல்லாம் இருக்கிறது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்துச் சேர்த்தார்கள். முதல் இரண்டு நாள் செலவை அரசாங்கத்தின் 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டம் பார்த்துக்கொண்டது. அப்புறம் வந்ததையெல்லாம் அடகுக் கடை பார்த்துக்கொண்டது. முழங்கால் 90 டிகிரிக்கு மேல் மடங்காது, 30 சதவீத நிரந்தர ஊனம் என்று மருத்துவக் குழு சான்று கொடுத்திருக்கிறது. நாற்காலியில் உட்கார 90 போதும். தரையில் உட்கார்ந்து எழ, குத்துக்காலிட, கும்மியில் குனிந்து எழும்ப அது போதாது.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பீஸில் ஓட்டை, கறை, தையல் விட்டது பார்த்து, பிசிறு வெட்டி அனுப்பும் வேலை. முன்பு நின்றுகொண்டே பார்ப்பேன். விபத்துக்கு அப்புறம் முதலாளி ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். அவர் நல்லவர், சம்பளத்தில் கை வைக்கவில்லை. அவருடைய நல்ல மனசைத்தான் நீங்கள் எனக்கு எதிரான சாட்சியாக ஆக்கிவிட்டீர்கள்.

இனி கும்மிக்கு வருகிறேன். குறுக்கு விசாரணையில் அதைப் பேச ஆரம்பித்தபோது வக்கீல் ஐயா ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "கும்மிக்குப் போனா மாசம் என்னங்க வருமானம் வரும்?"

"ஒண்ணும் வராதுங்க. நாங்கதான் காசு போட்டுச் சீலை எடுக்கோணும்" என்றேன்.

"அப்ப நட்டம் ஒண்ணும் இல்லையேங்க" என்றார். கோர்ட்டில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், பழக்க தோஷம்.

வள்ளி கும்மி என்றால் என்னவென்று கொங்கு நாட்டில் பிறந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தத் தாளில் சைபர் போட்ட கைக்கு விளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் மாரியம்மன் கோயில் திடலில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பயிற்சி. பக்கத்து ஊரிலிருந்து ஆசிரியர் வருவார். தறி ஓட்டுகிறவர், ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிறவர், பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வருகிறவர், பள்ளிக்கூட டீச்சர், பேத்தியைக் கூட்டிக்கொண்டு வரும் பாட்டி என்று எல்லோரும் ஒரே வட்டத்தில் நிற்போம். எங்கள் நங்கையாவுக்கும் எனக்கும் வீட்டில் பேச்சு வார்த்தை அவ்வளவாகக் கிடையாது. வட்டத்தில் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்று கை தட்டுவோம்.

ஆசிரியர் ஒரு அடி பாடுவார், நாங்கள் திருப்பிப் பாடுவோம். வள்ளி தினைப்புனம் காக்கிற இடத்தில் மெதுவாக இருக்கும். முருகன் வேடம் போட்டு வந்து வம்பு பண்ணுகிற இடத்தில் அடி வேகமெடுக்கும். ஒரு காலை முன்னால் வைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கிக் குனிந்து, கை தரைக்குப் பக்கத்தில் தட்டி, நிமிர்ந்து, திரும்பி, ஒரு எட்டுத் துள்ளிப் பின்வாங்க வேண்டும். அத்தனை பேரும் ஒரே நேரத்தில். ஒரு முழங்கால் மடங்காவிட்டால் அந்த ஆள் பிந்துவாள், அடுத்த ஆள் இடிப்பாள், வட்டம் குலையும். மாசக்கணக்கில் பழகி, ஒரே நிறத்தில் சீலை எடுத்து, ஊர் கூடி அரங்கேற்றம் நடத்துவார்கள். எங்கள் அரங்கேற்றத்துக்கு முந்தின மாசம்தான் அந்த வேன் வந்தது.

காலையில் எழுந்து சோறாக்கி, கம்பெனிக்குப் போய், வந்து திரும்பச் சோறாக்கும் பொழப்பில் எனக்கென்று இருந்தது ராத்திரியின் அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும்தான். அங்கே யாருக்கும் நான் அம்மா இல்லை, செக்கிங் இல்லை. உடம்பு முழுக்க வேர்த்து வீட்டுக்கு வந்து படுத்தால் வரும் தூக்கம் இப்போது மாத்திரை போட்டாலும் வருவதில்லை. பயிற்சி இன்னும் நடக்கிறது, அடுத்த குழு பழகுகிறது. ஆசிரியர் பெருந்தன்மையாகப் பின்பாட்டுப் பாட வரச் சொன்னார். எனக்குக் குரல் கிடையாது, ஆடத்தான் தெரியும். ஒரு நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். செருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். அவள் தப்பாகச் சொல்லவில்லை.

வள்ளி ஒயில் கும்மியை அடுத்தடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்து, பெண்களையும் ஆட வைத்த கோவை மாவட்டத்துப் பெரியவர் பத்ரப்பனுக்கு 2024இல் மத்திய அரசு பத்மஸ்ரீ அறிவித்தது. டெல்லிக்குத் தெரிந்த மதிப்பு திருப்பூரில் ஒரு தாளுக்கு வரும்போது சைபராகிவிடுகிறது.

சரி, கும்மியை விடுங்கள், சட்டத்துக்கு வருவோம். அதுவும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1995இல் ஹட்டங்காடி என்பவரின் விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் பண இழப்பைத் தனியாகவும், பணமாக வராத இழப்பைத் தனியாகவும் பிரித்தது. நடக்க, ஓட, உட்கார முடியாமல் போவது வாழ்க்கை வசதி இழப்பில் சேரும் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கின் தீர்ப்பு இன்னும் தெளிவு. இடது கையை இழந்த ஒரு அரசாங்க குமாஸ்தாவை அதில் உதாரணமாகச் சொல்கிறார்கள். அவர் அதே வேலையில் தொடர்ந்தால் எதிர்கால வருமான இழப்பு என்று கொடுக்கத் தேவையிருக்காது, ஆனால் கை போனதற்காக வாழ்க்கை வசதி இழப்பு என்ற தலைப்பில் இழப்பீடு கொடுக்கலாம் என்கிறது தீர்ப்பு. அந்த குமாஸ்தாவும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் நானும் ஒரே நிலைதான். சம்பளம் நிற்கவில்லை என்பதை வைத்து நீங்கள் எந்த வரியை அடித்தீர்களோ, அந்த நிலையில் இருப்பவருக்குத்தான் உச்ச நீதிமன்றம் அந்த வரியைக் காட்டுகிறது.

சாதாரணக் காயத்துக்கெல்லாம் இந்தத் தலைப்பு கிடையாது, பலத்த காயமும் மருத்துவச் சான்றும் வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்வதை நீங்கள் எடுத்துக் காட்டுவீர்கள். நியாயம். என் காலுக்குள் இருக்கும் ஸ்க்ரூக்களை எக்ஸ்ரேயில் எண்ணிக்கொள்ளுங்கள், மருத்துவக் குழுவின் சான்றையும் படியுங்கள். ஊனத்துக்குக் கொடுத்த தொகையிலேயே இதுவும் அடக்கம் என்றும் சிலர் சொல்கிறார்கள். அடக்கம் என்றால், அதில் எவ்வளவு அடக்கம் என்று எழுதுங்கள். சீட்டுக் கம்பெனிகூடக் கழிவு எவ்வளவு என்று தனியாகக் காட்டுகிறது.

வருமானத்துக்கு உங்களிடம் அட்டவணை இருக்கிறது. 46இலிருந்து 50 வயது வரை வருஷ வருமானத்தை 13ஆல் பெருக்கு என்று 2009 சரளா வர்மா தீர்ப்பிலிருந்து எடுத்து உடனே சொல்கிறீர்கள். நாங்கள் மனுப் போட்ட நாளிலிருந்து விபத்து வழக்குத் தீர்ப்பாயம் வட்டி போட்டால், அதைப் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்க்கிறீர்கள். சைபருக்கு வட்டியும் சைபர்தான், அந்த வேலை மிச்சம். சந்தோஷத்துக்கு அட்டவணை இல்லாததால் அதற்கு விலையும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். 2020இல் காஜல் வழக்கில், விபத்தில் முழுதாக முடங்கிப்போன ஒரு சிறுமிக்கு வலி, வேதனை, வாழ்க்கை வசதி இழப்பு ஆகியவற்றுக்கு மட்டும் 15 லட்சம் கொடுக்க உச்ச நீதிமன்றத்தால் முடிந்தது. அந்தக் குழந்தையின் நிலைக்கும் என் நிலைக்கும் ஒப்பீடே கிடையாது, அந்தத் தொகையை நான் கேட்கவும் இல்லை. அட்டவணை இல்லாமலும் எண் எழுத முடியும் என்பதற்காகச் சொன்னேன்.

இந்த ஊர்ப் பக்கம் உடம்பு என்றாலே கூலிக் கணக்குத்தான். வேலையில் அடிபட்டவர்களுக்கான 1923ஆம் வருஷத்துப் பழைய இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் கட்டை விரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம் என்று போட்டிருந்தது. அது சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்ற கணக்கு. விரல் போனவர் பிள்ளைக்குச் சடை பின்ன முடியாததற்கு அங்கே இடமே இருந்ததில்லை. பல்லடத்திலும் சோமனூரிலும் விசைத்தறி, திருப்பூரில் கட்டிங் மெஷின், திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி என்று ராப்பகலாக ஓடுகிறது. கம்பெனி வேன்களோ ஐந்து நிமிஷம் மிச்சம் பிடிக்க எதிர்த்திசையில் வருகின்றன. அவற்றை நிறுத்திக் கேட்கத்தான் ஆளில்லை. ஹெல்மெட் போடாமல் முட்டைக் கடைக்குப் போகும் ஆளைப் பிடிக்க மட்டும் முக்குக்கு முக்கு நிற்கிறார்கள். தொழில் வளர்ந்த ஊர் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு நாள் தீர்ப்பாய வராந்தாவில் வந்து உட்காரட்டும். அந்த வளர்ச்சிக்கு எத்தனை பேர் எலும்பு கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

கோபத்தில் பேச்சு எங்கேயோ போய்விட்டது, மன்னிக்க வேண்டும். அதெல்லாம் உங்கள் பொறுப்பில் வராது. உங்கள் பொறுப்பில் வருவது அந்த ஒரு வரி.

எனவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் மட்டுமல்ல, இனி சமரசத்துக்கு வரும் யாரிடமும் தாளை நீட்டும் முன்னால், விபத்துக்கு முந்தி ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள், இப்போது எது முடியவில்லை என்று ஒரு கேள்வி கேளுங்கள். வராந்தாவில் என் பக்கத்தில் உட்காரும் ஒரு பெரியவருக்குத் தோள் தூக்க முடியவில்லை. மாட்டு வண்டிப் பந்தயத்துக்குக் கயிறு பிடித்த கை அது. அவரிடமும் யாரும் கேட்டதில்லை. பதிலை எழுதிக்கொள்ளுங்கள். அதற்கென்று ஒரு தொகையையும், ஏன் அந்தத் தொகை என்பதற்கு இரண்டு வரியையும் தனியாகப் போடுங்கள். குறைவாகப் பட்டால் பேசிக்கொள்வோம், கொங்கு நாட்டில் பேரம் பேசத் தெரியாதவர் யாரும் இல்லை. சைபரை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது.

அடுத்த வாய்தாவுக்கு முன்னால் திருத்திய தாளை என் வக்கீலிடம் கொடுத்துவிட்டால் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடத் தயாராக வருகிறேன். இல்லையென்றால் தீர்ப்பு வரும் வரை வருவேன். கம்பெனியில் லீவு கொடுக்கிறார்கள்.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு செக்கிங் தொழிலாளி