ட்ரெயின் போல்ட்டை இன்னும் இறுக்க வேண்டாம்

அன்புள்ள கண்ணுவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். பிக்கப்பின் ஆயில் சேம்பருக்கு அடியில், ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டின் தலையில் ஒரு சொட்டு தொங்குகிறது. இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் நின்றுவிடும் என்று மாப்பிள்ளை சொல்வதாக எழுதியிருந்தாய். அப்பா சொன்னேன் என்று சொல், ஸ்பேனரைக் கொஞ்சம் கீழே வைக்கட்டும். போனில் சொன்னால் பாதி காதில் விழாது, அதனால்தான் எழுதுகிறேன்.

அது ட்ரெயின் போல்ட்டில்தான் கசிகிறதா என்பது முதல் கேள்வி. எஞ்சினில் ரொம்பத் தாழ்வான இடம் அது. மேலே டேப்பட் கவர் பேக்கிங் கசிந்தாலும், ஆயில் ஃபில்டர் கசிந்தாலும், டர்போவிலிருந்து ஆயில் திரும்பி வரும் குழாய் கசிந்தாலும் வழிந்து வந்து அங்கேதான் சொட்டும். ஓடும்போது காற்று வேறு ஆயிலைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். நாமக்கல்லில் பட்டறை வைத்திருந்த காலத்தில் ட்ரெயின் போல்ட் என்று வந்த வண்டிகளில் எத்தனையோ, மேலே ஃபில்டரில் போய் முடிந்திருக்கின்றன.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது சேம்பரையும் அதற்கு மேலே கை எட்டும் இடத்தையும் டீசல் நனைத்த பனியன் வேஸ்ட்டால் நன்றாகத் துடை. ஈரம் இல்லாமல் காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவு. பத்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டு, நிறுத்திய பிறகு டார்ச் அடித்துப் பார். வெள்ளையில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. போல்ட்டைச் சுற்றி மட்டும் வட்டமாக நனைந்திருந்தால், மாப்பிள்ளை சொன்ன இடம் சரி, சொன்ன வைத்தியம்தான் சரியில்லை.

ஆயிலைத் தடுப்பது போல்ட்டின் மரை இல்லை, தலைக்குக் கீழே இருக்கும் வாஷர். செம்பிலோ அலுமினியத்திலோ இருக்கும். இறுக்கும்போது அது கொஞ்சம் நசுங்கி, சேம்பரின் முகத்திலும் போல்ட்டின் முகத்திலும் உள்ள கீறல்களை அடைத்துக்கொள்ளும். ஒரு தடவை நசுங்கியது நசுங்கியதுதான். போன மாதம் ஆயில் மாற்றியவர்கள் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருப்பார்கள் என்பது என் கணிப்பு. பத்து ரூபாய் சாமானுக்குச் சோம்பல். அந்தப் பழைய வாஷரோடு இன்னும் இறுக்கினால் என்ன ஆகும்? சேம்பரின் மரை உரிந்துவிடும், அலுமினிய சேம்பர் என்றால் இன்னும் சீக்கிரம். தகரச் சேம்பராக இருந்தால், உள்ளே பற்றவைத்திருக்கும் நட்டைச் சுற்றி விரிசல் விடலாம். அப்புறம் வாஷரை மாற்றியும் பிரயோசனம் இல்லை, சேம்பரையே இறக்க வேண்டும்.

வாஷரை முதலில் வாங்கி வை. சேஸிஸ் நம்பரைச் சொன்னால் கம்பெனி ஸ்பேர்ஸ் கடையில் சரியானதைக் கொடுப்பார்கள். ரெண்டு வாங்கிக்கொள். போல்ட்டைக் கழற்றிய பிறகு கடைக்குப் போக வண்டி இருக்காது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வை. பிக்கப் உயரமாகத்தான் நிற்கிறது, ஜாக்கி வேண்டியிருக்காது. வேண்டியிருந்தாலும் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது, இதில் மாப்பிள்ளையிடம் கண்டிப்பாக இரு. எஞ்சின் கை பொறுக்கிற சூட்டில் இருந்தால் ஆயில் நன்றாக இறங்கும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் முழங்கை வரை வெந்துவிடும். பாக்ஸ் ஸ்பேனரால் தளர்த்தி, மீதியைக் கையால், போல்ட்டை உள்பக்கம் அழுத்தியபடியே திருகு. கடைசி மரை வந்ததும் சட்டென்று ஒதுக்கினால் கையில் ஆயில் படாது.

மாற்றி ஒரு மாதம்தானே ஆகிறது, அந்த ஆயிலைக் கொட்ட வேண்டாம். சுத்தமான டப்பில் பிடித்துத் திரும்ப ஊற்றலாம். கறுப்பாக இருக்கிறதே என்று பயப்படாதே, டீசல் எஞ்சின் ஆயில் கரி ஏறிச் சீக்கிரமே கறுத்துவிடும். ஆனால் பால் மாதிரி வெளுத்திருந்தாலோ, விரலில் தேய்த்தால் பளபளவென்று துகள் மின்னினாலோ ஊற்றாதே, எனக்குச் சொல். டப்பில் மணல் விழுந்துவிட்டாலும் வேண்டாம். புதிதாக வாங்குவதாக இருந்தால் மேனுவலில் போட்டிருக்கும் தரத்தைத்தான் வாங்க வேண்டும். உன்னுடையது பிஎஸ் 6 வண்டி, புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. சாம்பல் அதிகம் விடும் ஆயில் போட்டால் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

பழைய வாஷர் சில சமயம் சேம்பரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். தடவிப் பார்த்து எடுத்துவிடு, இல்லாவிட்டால் ரெண்டு வாஷர் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து மறுபடி கசியும். சேம்பரின் முகத்தைத் துடைத்து, புது வாஷர் போட்டு, கையாலேயே முழுக்க ஏற்று. டெஃப்லான் டேப், எம்சீல், ஷெல்லாக் எதுவும் வேண்டாம். கடைசி இறுக்கத்துக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கிடைத்தால் மேனுவலில் உள்ள அளவு வை. 14 எம்எம் போல்ட்டுக்குப் பல வண்டிகளில் 35, 40 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் இருக்கும். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 16 கிலோ இழுத்தால் அந்த 40 வந்துவிடும். அவ்வளவுதான், பைப் மாட்டி ஏறி மிதிக்கிற வேலையே இல்லை.

ஊற்றி முடித்து, ஓட விட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து கேஜ் குச்சியில் அளவு பார். ராத்திரி அடியில் ஒரு அட்டையை விரித்து வை. அட்டை காலையில் சுத்தமாக இருந்தால் பெங்களூருக்கு ரோஜா ஏற்றலாம். ஒருவேளை ஓடும்போது ஆயில் லைட் எரிந்தால், அடுத்த பங்க் வரை போகலாம் என்று பார்க்காதே, ஓரங்கட்டி அங்கேயே எஞ்சினை நிறுத்து. கிராங்க் பேரிங்கும் டர்போவும் போனால் இந்த சீசன் வருமானம் அதோடு போய்விடும்.

கையால் ஏற்றும்போதே போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரை ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். கடையில் பெரிய அளவு போல்ட் கொடுத்து, அதாலேயே சேம்பரில் புது மரை அறுத்து ஏற்றச் சொல்வார்கள், கேட்காதே, அந்தப் பிசிறு சேம்பருக்குள்ளேதான் விழும். அன்றைக்குப் பூவை வாடகை வண்டியில் அனுப்பிவிட்டு எனக்கு ஒரு போன் போடு. மரை வெட்டும் டேப் செட் இங்கே பெட்டியில்தான் இருக்கிறது, சேலம் பஸ் பிடித்து நானே வந்து, போன மரைக்குப் பதிலாக ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரை போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா