பெட்டிகளைத் திறந்த ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பழைய வீடியோ கேம் இயந்திரங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் நம் சங்கத்தின் சென்ற பொதுக்குழுவில் நான் வாசித்த அறிக்கை பெரும்பாலும் வரவுப் பட்டியல். வீட்டில் விளையாடும் எந்தக் கன்சோல் கிடைத்தது, கடைகளில் காசு போட்டு விளையாடும் எந்த ஆர்கேட் கேபினட் வந்து இறங்கியது, இன்னும் எதைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றே அது ஓடியது. இந்த ஆண்டு வரவு மிகக் குறைவு. கையில் இருப்பவற்றில் எவை உயிரோடு இருக்கின்றன என்று பார்ப்பதிலேயே மாதங்கள் போயின. சங்கம் தொடங்கியதிலிருந்து நாம் செய்த வேலைகளில் இதுதான் மிகவும் பயனுள்ளது என்பது என் எண்ணம். எல்லோருக்கும் அப்படித் தோன்றவில்லை என்பதும் தெரியும். ஆகவே நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எல்லாம் ஒரு போர்டில் தொடங்கியது. ஆண்டின் முதல் கூட்டத்தில் ஓடவிட்டுக் காட்டலாம் என்று இருப்பறையிலிருந்து ஓர் ஆர்கேட் போர்டை, அதாவது கேபினட்டுக்குள் ஆட்டத்தை ஓட்டும் மின்சுற்றுப் பலகையை, எடுத்தோம். வந்தபோது நன்றாக ஓடிய போர்டு. நானே துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு மூலை முழுக்கப் பச்சை பூத்திருந்தது. போர்டில் சால்டர் செய்திருந்த நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, செப்புத் தடங்களைத் தின்று, பக்கத்து ஐசி சிப்பின் கால்கள் வரை பரவியிருந்தது. தொட்டதும் ஒரு கால் உதிர்ந்து விழுந்தது. உள்ளே வைக்கும் முன் அந்தப் பேட்டரியை வெட்டி எடுத்திருந்தால் போர்டு பிழைத்திருக்கும். பேட்டரி அங்கே இருப்பது எனக்குத் தெரியும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இந்த இழப்புக்கு நானே பொறுப்பு என்று இங்கே பதிவு செய்கிறேன்.

அன்றே செயற்குழு கூடி, இருப்பில் உள்ள ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்து முடிக்கும்வரை புதிதாக எதையும் தேடிப் போவதில்லை என்று தீர்மானித்தது.

முதலில் பேட்டரிகள். நிண்டெண்டோ கன்சோலுக்கு 1987இல் அமெரிக்காவில் வெளியான 'செல்டா' ஆட்டத்தின் கார்ட்ரிட்ஜ் (கன்சோலில் செருகும் ஆட்டப் பெட்டி) போன்றவற்றுக்குள் வட்ட லித்தியம் பேட்டரி ஒன்று உண்டு. ஆட்டத்தில் எங்கே விட்டோம் என்பதைச் சிறு நினைவகச் சிப் ஒன்று அந்தப் பேட்டரியின் தயவில்தான் பிடித்து வைத்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் அந்தப் பதிவு அழிந்துவிடும். உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த கார்ட்ரிட்ஜில் அவருடைய அண்ணன் சிறுவயதில் விளையாடிய பதிவு, பெயரோடு அப்படியே இருந்தது. அண்ணன் இப்போது இல்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம். 3 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி அதற்கு வெகுவாகக் கீழே இறங்கியிருந்தது. கார்ட்ரிட்ஜ் ரீடரில் போட்டுப் பதிவைக் கணினிக்கு எடுத்து, இரண்டு முறை சரிபார்த்து, புதுப் பேட்டரி சால்டர் செய்து, பதிவைத் திரும்ப ஏற்றினோம். கன்சோலைப் போட்டதும் பெயர் திரையில் வந்தது. அன்று வேறெந்த வேலையும் நடக்கவில்லை. எல்லோரும் அந்தத் திரையைச் சுற்றியே நின்றோம்.

கேப்காம் நிறுவனம் 1993இல் கொண்டுவந்த சிபிஎஸ்-2 ஆர்கேட் போர்டுகளின் பேட்டரி விவகாரம் வேறு வகை. ஆட்டத்தின் நிரல் ரோம் என்னும் நிரந்தர நினைவகச் சிப்பில் பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டைத் திறக்கும் மறைகுறிச் சாவியோ பேட்டரி தாங்கும் நினைவகத்தில் இருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் சாவி போய்விடும். ரோம் முழுசாக இருந்தும் போர்டால் அதைப் படிக்க முடியாது. சேகரிப்பாளர்கள் இதைத் 'தற்கொலை பேட்டரி' என்பார்கள். 2016இல் ஆர்வலர்கள் சாவியைத் திரும்ப ஏற்றும் வழியைக் கண்டுபிடித்துப் பொதுவில் வைத்தார்கள். அதன் பிறகு செத்த போர்டுகளும் எழுந்துவிட்டன. நம்மிடம் இருப்பவற்றுக்கு அந்த நிலை வரவில்லை. உரிய நேரத்தில் பேட்டரி மாற்றிவிட்டோம். மாற்றிய தேதியை ஒவ்வொரு போர்டின் மேலும் ஒட்டியிருக்கிறோம்.

கையடக்கக் கன்சோல்களில் மின்னேற்றத்தைத் தேக்கும் சிறு பாகங்களான கெபாசிட்டர்களை மாற்றும் வேலை இன்னும் முடியவில்லை. ஆட்ட நிரலைத் தாங்கும் ஈப்ராம் சிப்புகளின் கண்ணாடி ஜன்னல்களில் ஸ்டிக்கர் உரிந்திருந்தவற்றுக்கெல்லாம் புதிது ஒட்டியாயிற்று. புற ஊதா ஒளி பட்டால் உள்ளே இருப்பது அழியும் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. எல்லாச் சிப்புகளையும் ஒருமுறை படித்து நகலும் எடுத்துவிட்டோம்.

அடுத்தது, ஆண்டின் பெரிய வாக்குவாதம். கேபினட் ஒன்றின் பிக்சர் டியூப் மங்கிவிட்டது. டியூபைத் தூக்கிவிட்டு எல்சிடி வைக்கலாம் என்று ஒரு தரப்பு. கூடாது என்று இன்னொரு தரப்பு. இரு பக்கமும் நியாயம் உண்டு. புது டியூபுக்கு இனி எங்கே போவது? ஆனால் அந்தக் கால ஆட்டங்கள் டியூபை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. நிண்டெண்டோவின் 'டக் ஹன்ட்' ஆட்டத்தை வைத்தே விளக்கிக் காட்டினோம். துப்பாக்கியின் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையிலுள்ள ஒளியுணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் அடி விழுந்ததாகக் கணக்கு. டியூபில் வெளிச்சம் உடனே வந்துவிடும்; எல்சிடியில் தாமதமாகும். குறி எவ்வளவு சரியாக இருந்தாலும் வாத்து விழாது. இதை நேரில் பார்த்த பிறகு பலர் மனம் மாறினார்கள்.

இறுதியில், டியூபைச் சரிசெய்ய முடிகிறவரை சரிசெய்வது, முடியாமல் எல்சிடி வைக்க நேர்ந்தால் மரத்தை அறுக்காமலும் டியூபை இயக்கும் மின்சுற்றான பழைய சேசிஸை எறியாமலும் வைப்பது என்று முடிவானது. டிவி ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் ஐயா அந்தக் கேபினட்டின் சேசிஸில் கெபாசிட்டர்களை மாற்றினார். பாதி வெளிச்சம் திரும்பியிருக்கிறது. அவர் சொல்லி எழுதிய விதியை மீண்டும் நினைவூட்டுகிறேன்: வண்ண டியூபின் ஆனோடில் (உயர் மின்னழுத்த முனையில்) 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கும். யாரும் தனியாகப் பின்கதவைத் திறக்கக் கூடாது. அனுபவம் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.

வேறொரு கேபினட்டின் பக்கவாட்டுப் பெயின்டைத் துடைத்தபோது அடியில் முற்றிலும் வேறோர் ஆட்டத்தின் படம் தெரிந்தது. பழையதை முழுக்க வெளியே கொண்டுவர வேண்டும் என்று சிலர் துடித்தார்கள். நான் எதிர்த்தேன். 1981இல் அமெரிக்காவில் 'டாங்கி காங்' ஆட்டம் முதன்முதலாக இறங்கியதே விற்காமல் கிடந்த 'ரேடார் ஸ்கோப்' என்ற வேறோர் ஆட்டத்தின் கேபினட்டுகளில்தான். 1985இல் போர்டையும் கேபினட்டையும் இணைக்கும் 56 முனை ஜாமா இணைப்பு பொதுத் தரமாக வந்ததும், போர்டை மாற்றி ஆட்டத்தையே மாற்றுவது இன்னும் எளிதாயிற்று. ஆர்கேட் கேபினட் என்றாலே பல கைகள் மாறியது, பல முகம் கண்டது. மேல் படத்தைச் சுரண்டினால் அதன் வரலாற்றில் பாதியை நாமே அழித்தவர்கள் ஆவோம். உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்த இடத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறோம்.

மஞ்சளான பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்து வெளுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மஞ்சள் திரும்பவும் வரக்கூடும் என்பதால் சங்கத்தின் பொருள்களுக்கு வேண்டாம் என்பது செயற்குழுவின் கருத்து. சொந்தப் பொருளுக்கு அவரவர் விருப்பம்.

பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைத்த நாளில் பிள்ளைகள் அதிகம் கூடியது 1978ஆம் ஆண்டின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' முன்னால். எதிரிகள் குறையக் குறைய ஏன் வேகம் எடுக்கிறார்கள் என்று ஒரு சிறுமி கேட்டாள். தொடக்கத்தில் 55 எதிரிகள். ஒரு பிரேமுக்கு, அதாவது திரையில் படம் ஒருமுறை வரையப்படும் நேரத்துக்கு, ஒருவரைத்தான் அந்த இயந்திரம் நகர்த்தும், வினாடிக்கு ஏறக்குறைய 60 பிரேம்கள். ஆக, முழுப் படையும் ஓரடி வைக்கக் கிட்டத்தட்ட ஒரு வினாடி ஆகும். ஒருவனே மிஞ்சினால் அவன் ஒவ்வொரு பிரேமிலும் பாய்வான். அவள் மறுபடி போய், ஒவ்வொன்றாகச் சுட்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டே பார்த்தாள்.

2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. அந்தச் சிறுமி போன்றவர்களுக்கு இப்படியோர் இடம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இந்த எண்ணைத்தான்.

வரவு என்று குறிப்பிட வேண்டியது ஒன்றே: 1972ஆம் ஆண்டின் மேக்னவாக்ஸ் ஒடிஸி, டிவி திரைமேல் ஒட்டும் வண்ணத் தாள்களோடு. கொடுத்த குடும்பத்துக்கு நன்றி. உள்ளே பார்க்காமல் அதற்கு மின்சாரம் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறோம், அவசரப்படுத்த வேண்டாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சால்டரிங் பயிற்சிக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் என்னிடம் சொல்லுங்கள். வீட்டில் பெட்டியிலேயே கிடக்கும் போர்டும் கார்ட்ரிட்ஜும் இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், திறந்து பார்த்துவிடுவோம். பச்சை பூத்த அந்தப் போர்டைப் பின் மேசையில் வைத்திருக்கிறேன். போகும் முன் ஒருமுறை பாருங்கள்.

இந்த அறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்