கடற்பஞ்சு வாங்கிய, வாங்கவிருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொளத்தூரில் உள்ள நம் மீன்தொட்டிக் கடையில் வாங்கிய ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சு (கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் ஓர் உயிருள்ள விலங்கு) இரண்டே மாதத்தில் வெளுத்து அழுகிவிட்டது என்றும், செத்ததைத்தான் நாங்கள் விற்றோம் என்றும், அதை நீருக்கு வெளியே எடுத்து உறையில் போட்டுத் தந்தோம் என்றும் ஒரு படத்துடன் வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி சுற்றி வருகிறது. அதை அப்படியே நம்பிவிடாமல் நேரில் வந்து விசாரித்த உங்கள் ஒவ்வொருவருக்கும் முதலில் எங்கள் நன்றி.

செத்த கடற்பஞ்சு தொட்டியில் இரண்டு மாதம் தாங்காது. சில நாட்களிலேயே அழுகி, நீரில் அம்மோனியாவைக் கூட்டி, மீன்களுக்கும் ஆபத்தாகிவிடும். அத்தனை நாள் நிறம் குன்றாமல் இருந்து அதன் பிறகு வெளுத்தது என்றால், பெரும்பாலும் அது மெல்ல மெல்லப் பட்டினி கிடந்து இறந்திருக்கிறது. வாயோ வயிறோ இல்லாத இந்த உயிர், தன் பருமனைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு நீரை ஒரே நாளில் தன் துளைகளின் வழியே இழுத்து, அதில் உள்ள பாக்டீரியாக்களையும் மிக நுண்ணிய பாசிகளையும் கரைந்த கரிமப் பொருள்களையும் உண்டு வாழ்கிறது. மீனுக்குப் போடும் ஆர்ட்டீமியா என்னும் சின்னஞ்சிறு இறால் வகை அந்தத் துளைகளுக்குள் நுழையவே நுழையாது. நீரில் உள்ள கரிமக் கழிவை நுரையாக்கி அகற்றும் பெரிய ஸ்கிம்மரும், நுண்ணுயிர்களைக் கொல்லும் யூ.வி. (புற ஊதா) விளக்கும் இரவு பகலாக ஓடும் தொட்டியில் அதற்கு என்ன உணவு மிஞ்சும்? சுற்றி வரும் அந்தப் படத்திலேயே நீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதை அனுபவமுள்ளவர்கள் கவனித்திருப்பீர்கள்.

நீருக்கு வெளியே எடுத்து உறையில் போட்டோம் என்பதும் உண்மையன்று. உள்ளே புகுந்த காற்றைக் கடற்பஞ்சால் எளிதில் வெளியேற்ற முடியாது, காற்று அடைத்த பகுதி இறந்துவிடும் என்பதனால், உறையையே தொட்டிக்குள் அமிழ்த்தித்தான் எடுத்துத் தருகிறோம். வீட்டிலும் அவ்வாறே இறக்கி வையுங்கள் என்பதை ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறோம்.

நீல நிற வகைகள் சில, ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்களைத் தம்முள் வைத்திருப்பதால், நல்ல வெளிச்சத்தில் ஓரளவு சமாளிக்கும். ஆரஞ்சு, சிவப்பு வகைகளுக்கோ பாசி படராத நிழலும் இதமான நீரோட்டமும் வேண்டும். சம்ப்பின் (தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டும் தொட்டியின்) இருட்டு மூலையில் வெள்ளை நிறச் சிறு பஞ்சுகள் தாமாகவே முளைக்கத் தொடங்காத, அதாவது பஞ்சுக்கான உணவு இன்னும் சேராத, புதுத் தொட்டிக்கு இவற்றை வாங்க வேண்டாம் என்பது, எங்கள் விற்பனையே குறைந்தாலும், எங்கள் கருத்து.

நீர் நிறைந்த உறைகளில் மட்டுமே இவற்றை விமானத்தில் எங்களுக்கு அனுப்ப முடியும். விமானக் கட்டணமோ எடையைப் பொறுத்தது. அக்கட்டணம் ஏறிவிட்டதால் அடுத்து வரும் சரக்கிலிருந்து விலையைச் சற்று உயர்த்துகிறோம். இறந்தால் மாற்றித் தரும் வழக்கமும் கடற்பஞ்சுக்கு மட்டும் இனி இராது. மன்னார் வளைகுடாவிலிருந்து மலிவாக எடுத்துத் தர முடியுமா என்று கேட்கும் நண்பர்களுக்கு: அங்குள்ள தீவுப் பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தொட்டி வைத்த முதல் நாளிலிருந்து எங்களை நம்பி வரும் குடும்பங்களால்தான் இந்தக் கடை நடக்கிறது. அந்த நன்றி என்றும் உண்டு. அடுத்த முறை வரும்போது மூடியுடன் கூடிய வாளி ஒன்றைக் கொண்டு வாருங்கள். உறையைவிட அதில் எடுத்துச் செல்வது எளிது.

இப்படிக்கு,
உரிமையாளர்