செங்காந்தள் படமும் கிழங்குக் குறிப்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழ் மூலிகைப் பக்கத்தில் செங்காந்தள் படத்தைப் பார்த்துச் சிரித்தேன், கீழே இருந்த குறிப்பைப் படித்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

முதலில் படம். இதழ்கள் கீழே தொங்குகிற மாதிரி அச்சாகியிருக்கிறது. பூ கவிழ்ந்து கிடக்கிறதே என்று யாரோ நல்லெண்ணத்தில் திருப்பிவிட்டார்கள் போல. ஆனால் அந்தப் பூவின் லட்சணமே அதுதான்! பூ தரையைப் பார்த்துத் தொங்கும், ஓரம் நெளிந்த ஆறு இதழ்களும் பின்னால் மடங்கி அடுப்புத் தீ மாதிரி மேலே எழும்பி நிற்கும், மகரந்தத் தாள்கள் குடைக்கம்பி போலச் சுற்றிலும் விரிந்திருக்கும், சூல்தண்டு மட்டும் அடியிலேயே ஒடித்து வைத்தது போலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். பூக்காத நாளில் இலை நுனியைப் பாருங்கள், சுருண்டு பக்கத்துக் கிளையைப் பிடித்திருக்கும். பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவந்துகொண்டே வருவதால் ஒரே கொடியில் நாலு நிறம் தெரியும்.

நான் பழனி மலையடிவாரத்துக்காரன். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் காட்டோரத்திலும் கிளுவை வேலியிலும் இது தானாக ஏறிவிடும். உற்றுப் பார்த்தால் கண்வலி வரும், அதனால்தான் கண்வலிக்கிழங்கு என்று பேர் என்பார் அம்மாயி. நான் பார்க்காத பார்வையா? கண்ணாடி போட்டது அறுபதுக்கு மேல்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிழங்கை நன்றாக வேகவைத்தால் நஞ்சு போய்விடும், மூட்டுவலிக்குச் சாப்பிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். போகாது. இதில் உள்ள கோல்சிசின் என்ற நஞ்சு கொதிநீருக்கு அழிகிற சரக்கு இல்லை. எங்கள் பெரியப்பா தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேலியோரம் தோண்டியதை அவித்துத் தின்றார். காலையில் தின்றது, மதியம் வரை ஒன்றுமில்லை, அப்புறம் பிடித்தது வாந்தியும் பேதியும். முறிமருந்து என்று கைவசம் எதுவும் இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றியே பத்து நாள் வைத்திருந்தார்கள். பிழைத்தார். ஆனால் இரண்டாவது வாரம் தலையைத் துவட்டினால் முடி கொத்தாகத் துண்டோடு வந்தது.

யூரிக் அமிலம் கூடி வரும் மூட்டுவலிக்குக் கோல்சிசின் நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் டாக்டர் எழுதித் தரும் மாத்திரையில் அது இருப்பது அரை மில்லிகிராம். வீட்டு அடுப்படியில் அந்த அளவை எந்தத் தராசில் நிறுப்பது? சித்த வைத்தியர்களே இதைச் சுத்தி செய்யாமல், அதாவது நஞ்சைத் தணிக்காமல், தொடமாட்டார்கள், நாட்டு வழக்கிலும் அரைத்து மேலே பற்றுப் போடுவதுதான் அதிகம்.

அதே குறிப்பில் கிழங்கைக் காட்டில் தோண்டி எடுத்து நடச் சொன்னதும் எனக்குப் பிடிக்கவில்லை. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காக இதை ஏக்கர் கணக்கில் போடுகிறார்கள், வயலில் நடத் தேவையான கிழங்குக்காகவே காட்டுக்கொடி பாதி போய்விட்டது. மாநில மலருக்கு இந்தக் கதி. வயலில் காலை நேரத்தில் ஆள் வைத்துக் கையால் மகரந்தம் தொட்டுவைக்கிறார்கள். காட்டில் அந்த வேலையைப் பெரிய பட்டாம்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் கூலியில்லாமல் செய்துவிடும், பக்கவாட்டில் நீண்ட அந்தச் சூல்தண்டு இறக்கையில் உரசுவதற்குத் தோதாக இருக்கிறது. இலையில் கறுப்பு உடம்பும் வெள்ளை, ஆரஞ்சுப் புள்ளிகளுமாக ஒரு புழு மேயும். நம்மைக் கொல்கிற நஞ்சைத் தின்றே அது அந்துப்பூச்சியாகிப் பறக்கிறது. வயல்காரர் மருந்தடிப்பார், அவர் பிழைப்பு அது. வேலியில் இருப்பதையாவது விட்டுவைக்கலாம்.

கிழங்குக் குறிப்புக்கு மறுப்பை அடுத்த இதழிலேயே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். படத்துக்குத் திருத்தம் வேண்டாம், இதழைத் திருப்பிப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
பழனி வட்டம்